வெள்ளவத்தையா, கொட்டாஞ்சேனையா? கொழும்பில் வாடகை வீடு தேடுவோருக்குச் சில குறிப்புகள்

லண்டனில் ஓய்வு பெற்று ஊருக்கு வருபவர், சென்னைக் கம்பனி இரண்டு வருடத்துக்கு இங்கே மாற்றி அனுப்பியவர், வயதான தாயைப் பார்த்துக்கொள்ள டொரொன்டோவிலிருந்து வருபவர், யாராக இருந்தாலும் கொழும்பில் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "வெள்ளவத்தையில் ஒரு வீடு கிடைக்குமா?" கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் வெள்ளவத்தை எல்லோருக்கும் பொருந்தும் இடமில்லை. பொருந்தாதவர்கள் அங்கே கூடுதல் வாடகையும் கொடுத்து, காலி வீதி நெரிசலில் நின்று நகரத்தையும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீடு பார்க்கப் புறப்படுமுன் இவற்றை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள்.

1. கொழும்பு மாநகரம் 1 முதல் 15 வரை தபால் இலக்கங்களால் பிரிக்கப்பட்டது. கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7, கொட்டாஞ்சேனை 13, முகத்துவாரமும் மட்டக்குளியும் 15. விளம்பரம் போடுகிறவர்கள் இந்த எல்லைகளைத் தாராளமாக இழுப்பார்கள். கால்வாய்க்கு அப்பாலுள்ள தெஹிவளை வீடு "வெள்ளவத்தைக்கு அருகில்" ஆகிவிடும். கிருலப்பனை வீடு "வெள்ளவத்தை" என்றே வரும். ஆகவே தொலைபேசியில் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: எந்த ஒழுங்கை, காலி வீதிக்குக் கடல் பக்கமா மற்றப் பக்கமா, பிரதான வீதியிலிருந்து நடந்தால் எவ்வளவு நேரம். இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லாதவரிடம் நான்காவது கேள்வி வேண்டாம்.

2. ஒரே வீதிக்கு இரண்டு பெயர் இருக்கலாம். டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையை முதியவர்கள் இன்னும் ஹை ஸ்ட்ரீட் என்பார்கள். ஓட்டோக்காரரிடம் பழைய பெயரையும் சொல்லுங்கள். பக்கத்திலுள்ள கோயில், பாடசாலை, தியேட்டர் ஏதாவதொன்றைச் சொன்னால் இன்னும் நல்லது.

3. வீட்டைத் தேடுமுன், ஒவ்வொரு நாளும் நீங்கள் எங்கே போக வேண்டும் என்று பாருங்கள். கோட்டை, துறைமுகம், துறைமுக நகரம், புறக்கோட்டை என்றால் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் சிறு தூரம்தான். வெள்ளவத்தையிலிருந்து போவதானால் காலையில் காலி வீதியை நம்பாதீர்கள், ரயிலை நம்புங்கள். கரையோர ரயில் பாதையில் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு கடந்து கோட்டைக்கு வந்துவிடும். அலுவலக நேரத்தில் பெட்டிக்குள் நிற்க இடம் கிடைத்தால் பாக்கியம், ஆனால் ரயிலுக்குச் சிவப்பு விளக்குத் தரிப்புகள் குறைவு. பஸ் என்றால் காலி வீதியில் 100, 101 இலக்கங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். நாரஹேன்பிட்டிப் பக்கம் வேலை என்றால் வெள்ளவத்தையிலிருந்து 141 இருக்கிறது.

மாதம் இருமுறை விமானம் ஏறுகிறவரா? கொட்டாஞ்சேனையை மறுபடி யோசியுங்கள். 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை களனிப் பாலத்தருகே தொடங்குகிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து அது கிட்ட. வெள்ளவத்தைக்காரர் அந்த இடத்துக்கு வந்து சேரவே முழு நகரத்தையும் குறுக்கே கடக்க வேண்டும்.

4. வெள்ளவத்தை யாருக்கு? பெற்றோர் கூட வருகிறவர்களுக்கு, தமிழ்ப் பாடசாலை தேடுகிறவர்களுக்கு, யாழ்ப்பாணத்துக்கு அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் இங்கேதான், 57ஆவது ஒழுங்கையில். இராமகிருஷ்ண மிஷன், சைவ மங்கையர் வித்தியாலயம், மயூரபதி அம்மன் கோயில் எல்லாம் நடை தூரம். பக்கத்துப் பம்பலப்பிட்டியில் இந்துக் கல்லூரியும் கதிரேசன் கோயில்களும். ஒடியல் மா, பனங்கட்டி, யாழ்ப்பாணத்து முருங்கைக்காய் எதுவும் தேடி அலைய வேண்டியதில்லை. இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போவதானால் வீட்டுக்கு முன்னாலேயே ஏறலாம். அம்மா தனியாகக் கடைக்குப் போய், தமிழிலேயே பேரம் பேசி, ஒரு சிநேகிதியையும் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். அதற்குத்தான் அந்தக் கூடுதல் வாடகை. இவை எதுவும் தேவைப்படாத தனி ஆள் அந்தப் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்?

5. கொட்டாஞ்சேனையைப் பற்றிக் கேட்டால் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் ஆமர் வீதிச் சந்திக்கு அப்பால் போனதே இல்லை. குறைகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளின் சத்தம், நெருக்கமான தெருக்கள், வாகனம் நிறுத்த இடமில்லாத பழைய வீடுகள். கும்பல்களுக்கிடையிலான துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளில் இந்தப் பெயர் அடிபடுவதும் உண்மை.

ஆனால் இது கொழும்பின் பழைய குடியிருப்பு. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த வியாபாரக் குடும்பங்கள், பரதர், கொழும்புச் செட்டிகள், மலையகத்திலிருந்து வந்தவர்கள், சிங்களக் கத்தோலிக்கர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே தெருவில் இருப்பார்கள். புனித லூசியா பேராலயம், புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி, நல்லாயன் கன்னியர் மடம், வரதராஜ விநாயகர் கோயில் எல்லாம் அருகருகே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் கூப்பிடு தூரம். செட்டியார் தெரு நகைக்கடையும் புறக்கோட்டை மொத்தக் கடையும் பக்கத்தில் இருப்பதால் மாதச் சாமான் செலவு குறையும். அதே வாடகைக்கு வெள்ளவத்தையில் கிடைப்பதைவிட ஓர் அறை கூடவே கிடைக்கும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவரின் பேச்சு இங்கே யாருக்கும் புதிதில்லை. பேராலயத்தைச் சுற்றியுள்ள குறுக்குத் தெருக்களில் முதலில் பாருங்கள். புளூமெண்டால் வீதிப் பக்கம் லொறித் தொல்லை கூட.

6. இரண்டும் சரிப்படாவிட்டால் தெற்கே தெஹிவளை, வடக்கே வத்தளை. இரண்டிலும் தமிழர் நிறையவே இருக்கிறார்கள், வாடகையும் இறங்கும்.

7. ஜூலை, ஓகஸ்டில் வீடு தேடாதீர்கள். லண்டன், பாரிஸ், டொரொன்டோப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. நல்லூர்த் திருவிழாவும் அப்போதுதான். வெள்ளவத்தையில் தளபாடத்துடன் உள்ள வீடெல்லாம் நாள் வாடகைக்கு மாறிவிடும். மாத வாடகைக்குக் கேட்டால் வீட்டுக்காரர் சிரிப்பார். டிசம்பரும் அப்படித்தான். மற்ற மாதங்களில் அதே வீட்டுக்கு அதே மனிதர் இறங்கிப் பேசுவார்.

8. வெளிநாட்டிலிருந்தபடி படத்தைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்பவே கூடாது. எவ்வளவு நல்ல படமானாலும், "இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்" என்று எவ்வளவு அவசரப்படுத்தினாலும் வேண்டாம். வந்து இரண்டு கிழமைக்கு நாள் வாடகை வீட்டிலோ லொட்ஜிலோ தங்குங்கள். அந்த இரண்டு கிழமையில் விடியற்காலை, பள்ளி விடும் நேரம், மழை பெய்யும் மாலை என்று மூன்று வேளையும் அந்த ஒழுங்கையில் நடந்து பாருங்கள்.

9. வீடு தேடும் வழிகள்: ஞாயிறு வீரகேசரி, தினக்குரல் வரி விளம்பரங்கள், இணையத்தில் இக்மன், லங்கா புரொப்பர்ட்டி வெப், பிறகு தரகர்கள். தரகருக்குப் பொதுவாக ஒரு மாத வாடகை, சிலர் அரை மாதத்தோடு ஒப்புக்கொள்வார்கள். அதை வீடு பார்க்கப் போகுமுன்பே பேசிவிடுங்கள், கையெழுத்து முடிந்த பிறகே கொடுங்கள். இவை எல்லாவற்றையும்விட நல்ல வீடு வாய் வார்த்தையில்தான் போகும். கோயில் மணியகாரர், மூலைக்கடை முதலாளி, லோன்றிக்காரர், தொடர்மாடி வாசலில் நிற்கும் செக்கியூரிட்டி ஆகியோருக்கு எந்த வீடு எப்போது காலியாகும் என்பது தெரியும்.

இன்னொன்று: முதல் தொலைபேசி அழைப்பை இங்கேயே இருக்கும் உறவினர் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். லண்டன் தமிழைக் கேட்டதும் வாடகை ஒரு படி ஏறிவிடும்.

10. "அனெக்ஸ்" என்றால் வீட்டுக்காரர் இருக்கும் வீட்டோடு ஒட்டிய பகுதி. தனி வாசலா, தனி மின்மானியா, இரவு கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேளுங்கள். "சிறிய குடும்பத்துக்கு மட்டும்" என்று போட்டிருந்தால் உங்கள் விருந்தினரின் எண்ணிக்கையையும் அவர்கள் எண்ணப்போகிறார்கள் என்று அர்த்தம். போர்டிங் என்பது தனி ஆட்களுக்கான அறை. சமையல் அனுமதி இருக்காது.

11. வீடு பார்க்கப் போகும் நீங்களும் அங்கே பார்க்கப்படுகிறீர்கள். வெள்ளவத்தை வீட்டுக்கார அம்மா தேத்தண்ணியும் தந்து தொடங்குவார்:

"தம்பி, சொந்த இடம் எது?"

"திருச்சிங்கம்மா. இங்க பேங்க்ல வேலை."

"எத்தினை பேர் இருப்பியள்?"

"நானும் மனைவியும் ஒரு குழந்தையும். அவங்க மே மாசம் வர்றாங்க."

"மச்சம் ஏதும் சமைப்பியளோ? மேலை நாங்கள் சைவம்."

"ஞாயித்துக்கிழமை மீன் மட்டும்தாங்கம்மா."

"வெள்ளிக்கிழமை வேண்டாம், என்ன. மற்றது உங்கட விருப்பம்."

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. உண்மையைச் சொல்லுங்கள். மீனை மறைத்து வீடு எடுத்தால் மணமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் சாதி கேட்கிற வீட்டில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் கேள்வி ஒரு நாளோடு நிற்காது.

12. கடல் தெரியும் வீட்டுக்கு ஆசைப்படுமுன் ஜன்னல் கம்பியைக் கையால் தடவிப் பாருங்கள். மெரைன் டிரைவை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். ஏசியின் வெளிப்பெட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம், கதவுப் பிணைச்சல், பூட்டு எல்லாம் துரு. யார் பழுது பார்ப்பது என்ற சண்டை அங்கேதான் தொடங்கும். பிற்பகல் வெயில் நேரே உள்ளே விழுவதால் ஏசியும் கூட ஓடும். ரயில் பாதை கடலுக்கும் வீதிக்கும் இடையில்தான் போகிறது. முதல் ரயில் விடியுமுன்பே வந்துவிடும். என் கணக்கில் கடல் பக்கத்து வீடு விருந்தாளிக்கு நல்லது. குடியிருக்கிறவருக்குக் காலி வீதியின் மற்றப் பக்கத்தில், உள்ளே தள்ளிய ஒழுங்கையே மேல்.

13. உள்ளே போனதும் தளபாடத்தைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். குளியலறைக் குழாயையும் குசினிக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து வையுங்கள். மேல் மாடிகளில் அழுத்தம் குறைந்தால் அப்போதே தெரியும். மோட்டரை யார் போடுவது, எத்தனை மணிக்கு, தாங்கி எத்தனை வீட்டுக்குப் பொது என்று கேளுங்கள். கொமட்டை ஒருமுறை இழுத்துவிட்டு, தரை வடிகானில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

பிறகு அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் நகர்த்தச் சொல்லுங்கள். பின்னால் கரும்பச்சைப் பூஞ்சணம் இருந்தால் மழைக்காலத்தில் சுவர் நனைகிறது. அறை முழுக்கப் பழைய வர்ணம், கூரையின் ஒரு மூலையில் மட்டும் பாய் அளவில் புதிய வெள்ளை தெரிந்தால், மேல் மாடிக் குளியலறை அந்த இடத்துக்கு நேர் மேலே இருக்கிறதென்று வைத்துக்கொள்ளலாம். கால்வாய்க்குக் கிட்டிய ஒழுங்கைகளிலும் பாமன்கடைப் பக்கத்திலும் நிலமாடி வீடு பார்த்தால் பக்கத்து வீட்டாரிடம் வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு ஏறியது என்று கேட்காமல் வராதீர்கள்.

14. மின்சாரம் 230 வோல்ட், இந்தியாவிலும் அதுதான். ஆனால் பழைய வீடுகளில் வட்ட முள் பிளக் பேஸ், புதிய கட்டடங்களில் சதுர முள். சென்னையிலிருந்து வருகிறவருக்கு முதலாவதும் லண்டனிலிருந்து வருகிறவருக்கு இரண்டாவதும் வசதி. மற்றவர் அடப்டர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜெனரேட்டர் உண்டு என்று சொன்னால் அது லிப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டுமா, வீட்டுக்குள்ளும் வருமா என்று கேளுங்கள். 2022இல் நாளுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. நிலைமை சீரான பிறகும், 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருட்டாக்கியது. ஏழாம் மாடியில் முழங்கால் வலியோடு இருக்கும் அப்பாவுக்கு இது சிரிக்கிற விஷயமில்லை.

15. தொடர்மாடி என்றால் கட்டடத்துக்கு மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். இங்கே எல்லோரும் அதைச் சீ.ஓ.சீ. என்பார்கள். நாலு மாடிக்கு அனுமதி எடுத்து ஆறு மாடி கட்டுவது வெள்ளவத்தையில் கேள்விப்படாத விஷயமில்லை. 2017 மே மாதம் சவோய் தியேட்டருக்குப் பின்னால் ஒரு பலமாடிக் கட்டடம் இடிந்து விழுந்து உயிர்கள் போயின. தீ அணைக்கும் கருவி, இரண்டாவது படிக்கட்டு, மொட்டை மாடிக் கதவின் திறப்பு யாரிடம் என்பவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதாந்த மெயின்டனன்ஸ் கட்டணம் வாடகைக்குள்ளேயா, வெளியேயா என்பதையும் கேளுங்கள்.

16. வீட்டைக் காட்டுகிறவர் வீட்டுக்காரரா? வெள்ளவத்தை வீடுகள் பலவற்றின் சொந்தக்காரர்கள் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். தம்பியோ மைத்துனரோதான் வாடகைக்குக் கொடுப்பார். அவரிடம் பதிவு செய்த அற்றோர்ணித் தத்துவம் இருக்கிறதா, அதில் வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காணி உறுதியின் பிரதியும் அந்த வருடச் சோலைவரி ரசீதும் போதும், பெயர் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். வீடு வங்கியில் ஈட்டில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். வங்கி ஏலம் போட்டால், பதியாத கடுதாசியை வைத்துக்கொண்டு நிற்கும் வாடகைக்காரர் பேச்சு எடுபடாது.

17. பணத்தில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பவிடாதீர்கள். அட்வான்ஸ் என்பது முன்கூட்டிக் கொடுத்து மாதாமாதம் கழிந்துபோகும் வாடகை. ஆறு மாதம், ஒரு வருடம் என்றுகூடக் கேட்பார்கள். டிப்பொசிட் என்பது வீட்டை விடும்போது திரும்பி வர வேண்டிய பணம். எது எவ்வளவு என்று ரசீதிலும் ஒப்பந்தத்திலும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். ஒரு வருட அட்வான்ஸ் கேட்டால் மூன்று மாதத்திலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள். காசாகக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் கொடுங்கள்.

வாடகை டொலரில் பேசப்பட்டால் உங்கள் சம்பளம் எந்த நாணயத்தில் என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபோது 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில கிழமைகளில் 300ஐத் தாண்டியது. ரூபாயில் சம்பளம் வாங்கி டொலரில் வாடகை கட்டியவர்கள் அந்த வருடமே வீடு மாறினார்கள்.

18. ஒப்பந்தத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். கடையில் வாங்கிய படிவத்தில் இருவரும் கையெழுத்து வைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்தால் இன்னும் பலம். நொத்தாரிசு கட்டணமும் முத்திரை வரியும் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பிள்ளையை அரச பாடசாலையில் முதலாம் தரத்துக்குச் சேர்க்க நினைப்பவருக்கு இந்தப் பதிவு கட்டாயம் வேண்டும். கிட்டடி வதிவாளர் என்று காட்ட அதைத்தான் கேட்பார்கள்.

வீட்டுக்காரரின் பயத்தையும் விளங்கிக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக எழும்பாமல் இருந்தவர்களின் கதை கொழும்பில் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. எப்படியும் திரும்பிப் போய்விடுவார் என்பதால்தான் வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்குச் சிலர் முன்னுரிமை கொடுக்கிறார்கள். பேரம் பேசும்போது உங்களுக்கு அது நல்ல துருப்புச் சீட்டு. 2023இல் வந்த சட்டம், குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க வழி செய்திருப்பதால், முடிவுத் தேதியை இரு தரப்பும் விளையாட்டாக எடுக்க முடியாது.

19. ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை: இடையில் வெளியேறினால் எத்தனை மாத அறிவித்தல், மிச்ச அட்வான்ஸ் திரும்புமா, இரண்டாம் வருடம் வாடகை எவ்வளவு ஏறும், ஏசியும் மோட்டரும் பழுதானால் யார் பொறுப்பு, வாகனத் தரிப்பிடத்தின் இலக்கம். விசா நீடிக்கப்படாவிட்டால் அபராதமின்றி முடித்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரியும் சேருங்கள். பல வீட்டுக்காரர்கள் மறுக்க மாட்டார்கள், கேட்கிறவர்தான் இல்லை.

20. கடவுச்சீட்டின் பிரதியும் விசாப் பக்கத்தின் பிரதியும் கொடுக்கலாம். மூலத்தை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். வீட்டில் இருப்போர் விவரப் படிவம் ஒன்றைப் பொலிஸார் இடையிடையே கொண்டுவருவார்கள். வீட்டுக்காரர் அதைப் பற்றி உங்களைவிடப் பதற்றப்பட்டால் காரணம் உண்டு. 2007 ஜூன் 7ஆம் தேதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்களை விடியற்காலையில் எழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. "பொலிஸ் பதிவு" என்ற சொல்லுக்கு இந்தத் தெருக்களில் அந்த நினைவும் சேர்ந்தே வரும். படிவத்தை நிரப்பி, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். வதிவிடச் சான்றிதழ் தேவைப்பட்டால் அந்தப் பகுதிக் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும். வீட்டுக்காரரை ஒருமுறை கூட அழைத்துப் போனால் வேலை சுலபம்.

21. குடியேறும் நாளில் வீட்டையும் மின்மானியையும் நீர்மானியையும் தேதியோடு படம் எடுங்கள். கடைசி மூன்று மாதப் பில்களைக் கேட்டு வாங்கி, நிலுவை இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். பழைய வாடகைக்காரர் வைத்துப்போன கடனுக்கு உங்கள் வீட்டு மின்சாரம்தான் துண்டிக்கப்படும். அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் ஏறும் என்பதால், இரண்டு வீட்டுக்கு ஒரே மின்மானி இருந்தால் இரு வீட்டாருக்கும் நட்டம். தனி மானி இல்லாத அனெக்ஸுக்கு வாடகையில் குறைத்துக் கேளுங்கள். மின்சார சபைக்கு 1987, நீர் வழங்கல் சபைக்கு 1939, இலவச அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

22. குப்பையை உக்குவது, உக்காதது என்று பிரிக்காமல் வைத்தால் மாநகர சபை வண்டி எடுக்காது. பால்கனிப் பூச்சட்டித் தட்டிலும் ஏசி சொட்டும் வாளியிலும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு டெங்கு வந்தது. நுளம்புக் குடம்பி கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடுவார், அது வாடகைக்காரர் பெயரிலும் வரும்.

23. வாடகை எதற்கு, வாங்கிவிடலாமே என்று யாராவது சொன்னால்: 2014ஆம் ஆண்டின் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே காணி வாங்க முடியாது. தொடர்மாடி வீடு வாங்கலாம். குறைந்தது ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்த்த பிறகு அந்த யோசனையை எடுங்கள்.

24. வெளியேறும்போது அறிவித்தலை எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சுவர், தரை, தளபாடம் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் முன்னிலையிலேயே படம் எடுத்து, குடியேறிய நாளில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். கடைசிப் பில் வரும்வரை டிப்பொசிட்டை நிறுத்தி வைப்பது கொழும்பு வழக்கம். கடைசி வாசிப்பைக் கணக்குப் போட்டு அந்தத் தொகையை மட்டும் விட்டுவைத்து, மீதியை அன்றே கேளுங்கள். விமானத்துக்கு முதல் நாள் இந்தக் கணக்கை வைக்காதீர்கள். ஒரு கிழமையாவது இடைவெளி வேண்டும். பணம் வங்கிக்கு வந்த பிறகு திறப்பைக் கொடுங்கள்.